மாமனாருக்குக் கிடைத்த பிரெஞ்சுப் பெட்டி

என் மாமனார் உயிரோடு இருந்தவரை அவருக்குப் பெட்டி என்று ஒன்று இருந்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்து, அமெரிக்காவில், டெக்சாஸில், ஆலன் என்ற ஊரில் அவருக்கு ஒரு பிரெஞ்சுப் பெட்டி கிடைத்தது. கூடவே ஒரு தொப்பியும், ஒரு சைக்கிளும், பாண்டிச்சேரியில் கடலைப் பார்த்த ஒரு வீடும் கிடைத்தன. எதையும் அவர் கேட்கவில்லை. பாதியை என் மகன் கொடுத்தான். மீதியைச் சாப்பிட வந்தவர்கள் கொடுத்தார்கள். கடைசியில் இதற்கெல்லாம் சாட்சி சொல்ல என்னை மேடையில் ஏற்றினார்கள். நடந்தது அதுதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாசிப்பதை மட்டும் விடவில்லை. வீட்டுக்காரர் தவறிய பிறகு மகனோடு வந்து இருக்கிறேன். ஆள் கூடினால் எனக்குப் பேச்சு வராது. வீட்டுக்கு யாராவது வந்தால் "வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். இந்த ஊர் வீடுகளில் சமையலறையை ஒட்டி மளிகைச் சாமான் வைக்க ஒரு சிறிய அறை இருக்கும். பேன்ட்ரி என்பார்கள். அரிசி மூட்டைக்கும் பருப்பு டப்பாவுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் ஹாலில் பேசுவது அத்தனையும் கேட்கும், நம்மை யாருக்கும் தெரியாது. அமெரிக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான்.

பெட்டி வந்தது ஒரு சனிக்கிழமை. இந்த ஊரில் வயதானவர்கள் இறந்துபோனால் பிள்ளைகள் வீட்டைத் திறந்துவிட்டு, உள்ளே இருக்கும் தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் விலை ஒட்டி விற்றுவிடுகிறார்கள். அதற்கு எஸ்டேட் சேல் என்று பெயர். அங்கே போய் அடுத்தவர் வீட்டு அலமாரியைக் குடைவது இங்கே கௌரவமான பொழுதுபோக்கு. மகனும் மருமகளும் அப்படிப் போன இடத்தில் இதைப் பிடித்திருக்கிறார்கள். நல்ல பெரிய பெட்டி. பழுப்பு நிறத்தில் கெட்டித் துணி ஒட்டி, மேலே மரச்சட்டம் அடித்து, மூலைக்கு மூலை பித்தளை. ஒரு பக்கத்தில் யாருடைய பெயருக்கோ முதலெழுத்துகள் இரண்டு சிவப்புப் பெயின்ட்டில் இருந்தன.

"அத்தை, இது சும்மா பெட்டி இல்ல. ஆன்டிக். ஃபிரான்ஸ்ல செஞ்சது" என்றாள் மருமகள். அவள் சென்னைப் பெண், நல்ல பெண்.

"துணி வெக்கவா கண்ணு?"

"ஐயோ, உள்ள எதுவும் வெக்கக் கூடாது அத்தை. லைனிங் போயிடும்."

"அப்ப மேல ஏதாச்சும் வெக்கறதா?"

"மேலயும் கூடாது."

சோபாவுக்கு நடுவில், டீ மேசை இருந்த இடத்தில் அதை வைத்தார்கள். டீ மேசை கராஜுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு வருகிறவர்கள் டீ டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். சூடு தாங்காமல் கை மாற்றிக் கை மாற்றிப் பிடிப்பார்கள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

என் மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர். ஒன்றைப் பற்றித் தெரிந்துகொள்ள உட்கார்ந்தான் என்றால் அடி முதல் நுனி வரை போய்விடுவான். பெட்டியைச் செய்த பிரெஞ்சுக்காரரின் சரித்திரம் முழுவதையும் இன்டர்நெட்டில் படித்துத் தீர்த்தான். வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் சாப்பாடு.

அந்தக் கதை எனக்கும் மனப்பாடம். மலைப்பக்கத்து ஏழை வீட்டில் பிறந்த பையன். தாய் இல்லை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஒருநாள் பாரிஸ் பட்டணத்தைப் பார்க்க நடக்க ஆரம்பித்துவிட்டான். வழியில் கிடைத்த வேலையைச் செய்வதும், கிடைத்த இடத்தில் படுப்பதுமாக நடந்தே போய்ச் சேர்ந்தான். அங்கே பெட்டி அடுக்கித் தருகிற ஒரு கடையில் எடுபிடி வேலை கிடைத்தது. அந்தக் காலத்துச் சீமாட்டிகள் ஊருக்குப் போவதென்றால் குடைமாதிரி விரிந்த பாவாடைகளை மடிப்புக் கலையாமல் அடுக்கித் தர ஆள் கூப்பிடுவார்களாம். கை நேர்த்தியைப் பார்த்து அரண்மனையிலிருந்தே ஆள் அனுப்பினார்களாம். பிறகு சொந்தக் கடை. அதுவரை பெட்டிக்கு மூடி கூரை மாதிரி வளைந்திருக்கும், மழை பெய்தால் தண்ணீர் வழிந்து ஓட. ஒன்றன்மேல் ஒன்று வைக்க முடியாது. இவர் மூடியைத் தட்டையாக்கினார். தண்ணீர் இறங்காமல் இருக்கத் துணிக்குப் பசை பூசி ஒட்டினார். ரயிலிலும் கப்பலிலும் அடுக்க வசதி. உலகமே வாங்கியது. மற்றவர்கள் பார்த்துக் காப்பியடித்தார்கள். இவர் டிசைனை மாற்றினார். மறுபடியும் காப்பியடித்தார்கள்.

"டே ஒன்லயே மனுஷன் ஸ்டாக்கபிலிட்டி யோசிச்சிருக்கார் பாருங்க" என்பான் மகன். "கஸ்டமரோட பெயின் பாயின்ட் என்ன? அடுக்க முடியல. சொல்யூஷன் என்ன? ஃப்ளாட் லிட். சிம்பிள்."

"வாவ்" என்பார்கள் டம்ளரைக் கை மாற்றியபடி.

மூடியைத் தட்டையாகப் போட்டதற்கு இவ்வளவு புகழா என்று பேன்ட்ரியில் நான் நினைத்துக்கொள்வேன். பையன் பாரிஸுக்கு நடக்கிற இடம் வரும்போது மட்டும் என் மகனுக்குக் குரல் கம்மிவிடும். "இமேஜின் பண்ணிப் பாருங்க. சின்னப் பையன். நடந்தே." கேட்பவர்களும் உச்சுக் கொட்டுவார்கள். அவனுடைய தாத்தாவும் நடந்தவர்தான். சென்னிமலைத் தறிக்காரர்களிடம் துண்டும் போர்வையும் எடுத்து, மூட்டை கட்டி, தோளில் போட்டுக்கொண்டு வீதி வீதியாக நடந்து விற்றவர். அது வேறு மாதிரி நடை என்று என் மகன் நினைத்தானோ என்னவோ, அதை யாரிடமும் சொன்னதில்லை.

பாண்டிச்சேரி வந்தது ஒரு மதியச் சாப்பாட்டில். பிளசன்டன் என்ற ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரர் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "ஃபிரெஞ்சா? உங்களுக்கு பாண்டிச்சேரி கனெக்ஷனா?" என்று கேட்டார்.

நான் பேன்ட்ரியில் காத்திருந்தேன். "இல்லைங்க, எஸ்டேட் சேல்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். சத்தமே வரவில்லை. பிறகு அவர், "அப்படிப் போடுங்க. அதான பாத்தேன்" என்றார்.

என் மகன் சிரித்திருக்கிறான். அவ்வளவுதான் செய்தான். மறுவாரம் வந்த வேறொரு குடும்பம், உள்ளே நுழையும்போதே, "இதான் உங்க தாத்தா பாண்டிச்சேரில இருந்து கொண்டுவந்த ட்ரங்கா?" என்றது. அதற்கு மறுவாரம் ஒருவர், தாத்தா கப்பலில் பாரிஸ் போய்வந்தாராமே என்றார். என் மகன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு மட்டும் இருந்தான். சிவப்பு எழுத்து இருந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தான்.

நான் ஒருநாள் அவனிடம் கேட்டேன். "ஏஞ் சாமி, தாத்தன் எப்பப் பாரீசு போனாரு?"

"அம்மா, நானா சொன்னேன்? அவங்களா நெனச்சுக்கறாங்க. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு கரெக்ட் பண்ணிட்டிருக்க முடியுமா?"

"முடியாதுதான்."

"விடு. ஹார்ம்லெஸ்."

அதற்குத் தீங்கில்லாதது என்று அர்த்தம். செத்தவருக்கு என்ன தீங்கு என்று நானும் விட்டுவிட்டேன். அப்போது மேடை கண்ணில் தெரியவில்லை.

ஊர் நூலகத்தில் ஒரு விழா ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் முன்னோர் கையிலிருந்து வந்த பொருள் ஒன்றைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும். அமெரிக்கர்கள் வருவார்கள், எல்லா நாட்டுக்காரர்களும் வருவார்கள். நம்மவர்கள் பக்கத்தை ஏற்பாடு செய்தது தமிழ்ச் சங்கத்துப் பெண் ஒருத்தி. மூச்சு விடாமல் பேசுவாள். நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"ட்ரங்க்தான் நம்ம ஸ்டார் அட்ராக்ஷன். மத்தவங்க எல்லாம் குத்துவிளக்கு, குத்துவிளக்கு, குத்துவிளக்கு. ஏழு குத்துவிளக்கு வந்திருக்கு. எனக்கே போரடிக்குது. ஆன்ட்டி எங்க?"

மருமகள் பேன்ட்ரிப் பக்கம் கையைக் காட்டிவிட்டாள். அந்தப் பெண் அங்கேயே வந்துவிட்டாள். அரிசி மூட்டையைத் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்கதான் பேசணும். மாமனார் பத்தி. டூ மினிட்ஸ். எல்டர்ஸ் வாயால வந்தா அது வேற லெவல்."

"எனக்குப் பேச வராதுங்க."

"இப்ப பேசறீங்களே."

"மகன் பேசட்டுமுங்க."

"அவர் ட்ரான்ஸ்லேட் பண்ணுவார். ரூல் என்னன்னா பெரியவங்கதான் பேசணும். பிரின்ட் பண்ணியாச்சு ஆன்ட்டி."

பிரின்ட் ஆகிவிட்டது என்றால் இந்த ஊரில் அதற்கு மேல் பேச்சு இல்லை.

அவள் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மைக் பயம் ஒன்று. அதைவிடப் பெரியது இன்னொன்று. மகன் சிரித்துவிட்டுப் போனான், அது அவன் பாடு. நான் சிரித்து மழுப்ப முடியாது. பெயரைச் சொல்லி, மைக்கைப் பிடித்து, என் மாமனாரை அவர் இல்லாத ஒருவர் என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும். அவருக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்பாது. வருஷக் கணக்காக ஒரே தோளில் மூட்டை சுமந்து அப்படி ஆகிவிட்டது. இடப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் ஆள் முழுக்கத் திரும்புவார், பரேடில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி. கல்யாணமாகிப் போன புதிதில் எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வரும். அவர் கோபித்துக்கொள்ளாமல், நான் சிரிக்க வேண்டுமென்றே இன்னொரு தடவை திரும்பிக் காட்டுவார். அந்த மனிதரைக் கப்பலில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

மகனிடம் சொன்னேன். "வேண்டாஞ் சாமி. கோயிலுக்குப் போயிட்டாங்க, காச்சல் வந்துருச்சுன்னு எதையாச்சும் சொல்லிரு."

"அம்மா, நான் எழுதித் தர்றேன். நீ படிச்சா போதும்."

"அவரு பாண்டிச்சேரிக்காரர் இல்லையே."

"நீ பாண்டிச்சேரின்னே சொல்ல வேண்டாம். 'இந்தப் பெட்டி எங்க மாமனாரோட எத்தனையோ ஊர் பாத்துச்சு'ன்னு மட்டும் சொல்லு. அது போதும்."

"பெட்டி பாத்திருக்கும். அவரோட பாக்கலையே."

அவன் ஒரு காகிதம் எடுத்தான். எழுதித் தந்தான். பெரிய எழுத்தில் அழகாகத்தான் எழுதியிருந்தான்.

விழாவுக்கு முன் ஒரு நாள் வீட்டுக்கு ஓர் ஆபத்து வந்தது. நியூ ஜெர்சியில் பெரிய மகனோடு இருக்கும் ஒரு பெரியவர், ஆலனில் இருக்கும் மகளைப் பார்க்க மனைவியோடு வந்திருந்தார். அவர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். வந்து உட்கார்ந்ததும், "நான் அசல் பாண்டிச்சேரி" என்றார். பேன்ட்ரியில் நான் ஸ்டூலைக் கதவுப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மகனுக்கு எப்படி இருந்திருக்கும். ஒரு பக்கம், வேஷம் கலைந்துவிட்டால் மேடையே இல்லை என்று எனக்கு ஓர் ஆசையும் வந்தது.

"எந்தத் தெரு உங்க தாத்தா வீடு?" என்றார் பெரியவர்.

"பீச் பக்கம் சார்."

"பீச் பக்கம்னா? மஞ்சக் கலர் வீடு, முன்னாடி ஒரு வேப்ப மரம் இருக்குமே?"

என் மகன் சிரித்தான்.

"அட, அந்த வீட்டுப் பெரியவரா! எனக்கு நல்லாத் தெரியுமே. நான் சின்னப் பையன். தொப்பி போட்டுக்கிட்டு சைக்கிள்ல வருவார். கையத் தூக்கி ஃபிரெஞ்சுல 'போன்ஷூர்'னு வணக்கம் சொல்லிட்டுத்தான் போவார்."

இப்படித்தான் தொப்பியும் சைக்கிளும் வந்தன. என் மாமனாருக்குச் சைக்கிள் விடத் தெரியாது. கழுத்துத் திரும்பாத மனிதர் சைக்கிள் விட்டால் என்ன ஆவது.

அவருடைய மனைவி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். வந்தவர் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, இவர் சொல்றத வெச்சு ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. எங்களுக்கு திண்டிவனம். பாண்டிச்சேரில மூணு வருஷம் வேலைல இருந்தார், அவ்ளோதான். இங்க வந்ததுல இருந்து பாண்டிச்சேரிங்கறார். திண்டிவனம்னா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டேங்கறாங்களாம்."

"அப்ப அந்தச் சைக்கிள்ல வந்தவரு?"

"யாரக் கண்டது? ரசம் இன்னும் கொஞ்சம் இருக்கா?"

ஊற்றினேன். போன ஆபத்தை நினைத்து வருத்தப்பட்டது அந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஹாலில் பெரியவரும் என் மகனும் பழைய பாண்டிச்சேரி எப்படி மாறிவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரும் மிகவும் வருத்தப்பட்டார்கள்.

விழா அன்று நூலகத்தில் நல்ல கூட்டம். பாதிக்குப் பாதி நம்மவர்கள். மேசை மேசையாகப் பொருள்கள். குத்துவிளக்குகள் ஒரு வரிசை. எங்கள் பெட்டியைத் தனியாக நடுவில் வைத்து, கீழே காஞ்சிபுரம் பட்டுச் சேலை விரித்து, விளக்குப் போட்டிருந்தார்கள். சங்கத்துப் பெண் மைக்கில் அறிமுகம் செய்தாள். தொப்பி, சைக்கிள், கடற்கரை வீடு, பாரிஸ் கப்பல் எல்லாம் வந்தன. யாரோ ஒரு பிரெஞ்சுத் துரை என் மாமனாரைக் கட்டித் தழுவி இந்தப் பெட்டியைக் கொடுத்ததாகவும் சொன்னாள். அது எனக்கே புதிது. மகனைப் பார்த்தேன். அவனுக்கும் புதிது என்று முகத்தில் தெரிந்தது.

என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். மகன் பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நின்றான். அவன் எழுதித் தந்த காகிதத்தை விரித்தேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பரவாயில்லை, மனப்பாடம்தானே என்று வாயைத் திறந்தால் ஒரு வரி வரவில்லை.

பொய் சொல்லக் கூடாது என்ற வைராக்கியம் எனக்கு வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மனப்பாடம் செய்தது மறந்துவிட்டது. மறந்துவிட்டால் தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றேன். "இந்தப் பெட்டி எங்களுதில்லீங்க. போன வருசம் பையனும் மருமகளும் ஒரு செத்தவங்க ஊட்டுல வாங்கிட்டு வந்தாங்க."

கூட்டத்தில் பாதி அப்படியே உறைந்தது. மறுபாதி புன்னகையோடு மகனைப் பார்த்தது, அவன் இங்கிலீஷில் சொல்வதற்காக. அவன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான். பிறகு சொன்னான். எனக்கு இங்கிலீஷ் பேச வராது, ஓரளவு புரியும். புரியாததை மருமகள் பிறகு சொன்னாள். "இப்படிப்பட்ட பெட்டி உண்மையில் யாருக்கும் சொந்தமில்லை என்கிறார் என் அம்மா. இதற்கு முன்னால் வாழ்ந்தவர்களிடமிருந்து நாம் பெற்றுக்கொள்கிறோம், அவ்வளவே." அமெரிக்கர்கள் தலையை ஆட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"எங்க மாமனாருக்குப் பெட்டியெல்லாம் கெடையாதுங்க. மூட்டைதாங்க. சென்னிமலையில துண்டு எடுத்து, காங்கேயம், வெள்ளக்கோயில்னு நடந்தே போய் விப்பாருங்க."

"மை கிராண்ட்ஃபாதர் வாஸ் இன் டெக்ஸ்டைல்ஸ்" என்றான் மகன். "ஹி டிராவல்ட் எக்ஸ்டென்சிவ்லி."

ஜவுளித் தொழிலில் இருந்தார், நிறையப் பயணம் செய்தார். பொய் என்றும் சொல்ல முடியாது.

"மூட்டை தூக்கித் தூக்கி அவருக்குக் கழுத்து எடப்பக்கம் திரும்பாதுங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். எப்போதும் முன்னோக்கியே பார்த்த மனிதர் என்றான்.

"பாண்டிச்சேரிக்கு அவரு போனதே இல்லீங்க. நானும் போனதில்லீங்க."

இதை மட்டும் அவன் மொழிபெயர்க்கவில்லை.

"அந்த மூட்டையிலதான் எங்க வீட்டுக்காரரப் படிக்க வெச்சாரு. அவரு எம் பையனப் படிக்க வெச்சாரு. அவ்வளவுதாங்க."

மகன் மைக்கை வாய்ப்பக்கம் கொண்டுபோனான், எடுத்தான், மறுபடி கொண்டுபோனான். கடைசியில் "தேங்க் யூ" என்று மட்டும் சொன்னான்.

கை தட்டினார்கள். அமெரிக்கர்கள் பிரெஞ்சுத் துரையின் நண்பருக்காகத் தட்டினார்கள். நம்மவர்கள் எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. அத்தனை பேருக்கும் இரண்டு மொழியும் தெரியும். இரண்டையும் கேட்டவர்கள். ஒருவர்கூட எழுந்து, இது என்னப்பா என்று கேட்கவில்லை. பிறகுதான் அந்த மேசைகளைத் திரும்பப் பார்த்தேன்.

கீழே இறங்கியதும் ஒரு பெண் என் காதருகே வந்தாள். "ஆன்ட்டி, சூப்பர். உங்களுக்கு மட்டும் சொல்றேன். அந்த மூணாவது குத்துவிளக்கு எங்களுது. கொள்ளுப்பாட்டி விளக்குன்னு போட்டிருக்கோம். ஹூஸ்டன்ல ஹில்கிராஃப்ட் ரோட்டு இண்டியன் கடைல வாங்கினது. ஸ்டிக்கர் இன்னும் அடியில இருக்கு."

அவள் போனதும் இன்னொருத்தி வந்தாள். அவளுடையது நாலாவது விளக்கு. அதே கடைதானாம். வேறொருவர், வீட்டில் இருக்கும் ஊஞ்சலைச் செட்டிநாட்டு ஊஞ்சல் என்று சொல்லிக்கொண்டிருப்பதை என்னிடம் ஒப்புக்கொண்டார். நான் அவரைக் கேட்கவே இல்லை. திண்டிவனத்துப் பெரியவர் மட்டும் கிட்டே வரவில்லை. அவர் மனைவி தூரத்திலிருந்து எனக்குக் கை காட்டினார்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம்.

"நான் என்ன எழுதிக் குடுத்தேன் அம்மா?" என்றான் மகன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"மறந்துருச்சு சாமி. கண்ணாடி வேற இல்ல."

"எல்லாரும் என்ன நெனப்பாங்க?"

பின்சீட்டிலிருந்து மருமகள்தான் பதில் சொன்னாள். "என்ன நெனப்பாங்க? அவங்கவங்க விளக்குக்கு அடியில ஸ்டிக்கர் இருக்கான்னு பாப்பாங்க. அத்தை, தாத்தாவுக்கு நிஜமாவே கழுத்து திரும்பாதா? எங்க கல்யாண ஆல்பத்துல அவர் ஃபோட்டோவே இல்லையே."

"அதுக்கு முன்னாடியே போயிட்டாருடா கண்ணு. அவருக்கு ஃபோட்டோன்னு ஒண்ணு எடுக்கவே இல்ல."

மகன் ரேடியோவைப் போட்டான். இரண்டு வாரம் என்னிடம் வேலைப் பேச்சுத் தவிர வேறு பேச்சும் இல்லை. சரி, அவன் மனசு நொந்துவிட்டது, இனி பெட்டி கராஜுக்குப் போய்விடும், டீ மேசை உள்ளே வரும் என்று நினைத்திருந்தேன்.

நான் நினைத்தது நடக்கவில்லை. அமெரிக்காவை நான் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சங்கத்துப் பெண் மருமகளை ஃபோனில் அழைத்தாள். "ஆன்ட்டியோட மூட்டை ஸ்டோரி வைரல். நூலகத்து மேடம், ஆன்ட்டி தமிழ்ல என்ன சொன்னாங்கன்னு எங்கிட்ட கேட்டாங்க, நான் ஃபுல்லா சொல்லிட்டேன். அவங்க அழுதுட்டாங்க. அடுத்த வருஷம் மூட்டைதான் நம்ம ஸ்டார் அட்ராக்ஷன். ஒரிஜினல் மூட்டைத் துணி இருக்கா?"

பெட்டிக்குக் கிடைத்த மரியாதை மூட்டைக்கும் கிடைக்கும் என்று தெரிந்ததும் வீடு ஒரே வாரத்தில் மாறியது. மருமகள் ஊரிலிருந்து சென்னிமலைப் போர்வை ஒன்று வரவழைத்து, கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, பெட்டிக்கு மேலே சுவரில் மாட்டினாள். மகன் கதையைத் திருத்தி அமைத்தான். இப்போது முதலில் பிரெஞ்சுப் பையன் நடப்பான். பிறகு என் மாமனார் நடப்பார். "இமேஜின் பண்ணிப் பாருங்க. ரெண்டு பேர். ரெண்டு கன்டினென்ட். ரெண்டு பேரும் நடந்தே." வருகிறவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நானும் முதல் இரண்டு தடவை பேன்ட்ரியில் உட்கார்ந்தபடி உச்சுக் கொட்டினேன்.

ஆனால் என் மகன் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். எதையும் அப்படியே விட மாட்டான், வெர்ஷன் மாற்றிக்கொண்டே இருப்பான். ஒரு வாரம் மாமனார் கோயம்புத்தூர் வரை நடந்தார். அடுத்த வாரம் ஊட்டி மலை ஏறினார். அதற்கு அடுத்த வாரம் மைசூரில் இருந்தார். இந்தத் தடவை யாரும் கேட்டு இவன் சிரிக்கவில்லை. தானாகவே அனுப்பிவைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தம்பதியையும் இரண்டு தமிழ்க் குடும்பங்களையும் மதியம் கூப்பிட்டிருந்தான். இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல ஸ்டூலில் இருந்தேன். மைசூரைத் தாண்டி மாமனார் பெங்களூருக்குப் போகிற ரோட்டில் ஏறியதும் எனக்கு என்னவோ செய்தது. அந்த மனிதருக்குக் கால் வலிக்காதா? எழுந்தேன். ஹால் வரை போய்விட்டேன்.

"தாராபுரந்தான் கடைசி" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். மேடையில் இருந்ததைவிடக் கூட்டம் குறைவுதான், ஆனால் இங்கே என்னை யாரும் கூப்பிடவில்லை.

"என்னம்மா?" என்றான் மகன்.

"தாராபுரத்துக்கு மேல அவரு போனதில்ல சாமி. அதுக்கு மேல முட்டி வலிக்கும்பாரு."

தமிழ்க் குடும்பத்து இளைஞர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "தாராபுரத்துக்கு அப்புறம் என்ன பண்ணுவார் ஆன்ட்டி?"

"அப்புறம் என்னங்க? வித்தது போக மிச்சத்தத் தூக்கிட்டு ஊட்டுக்கு வந்துருவாரு."

பக்கத்து வீட்டுக்காரர்கள் மகனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். வாயில் ஏதோ பெரிய சொல் ஒன்று உருண்டுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது, சின்ன வயதில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு நிற்பானே, அப்படி.

"அண்ட் தென் ஹி கேம் ஹோம்" என்றான்.

பிறகு வீட்டுக்கு வந்துவிட்டார் என்றுதான் அதற்கு அர்த்தம். மேலே ஏதாவது சேர்ப்பான் என்று நின்று பார்த்தேன். சேர்க்கவில்லை.